நேரம் தவறாத கிழவர்

பாத்ரூம் சுவரில் தொங்குகிறதே கீசர், அதற்கு அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது தெரியுமா? ஐஸ்லாந்தில் 'கெய்சிர்' என்று ஒரு வெந்நீர் ஊற்று. பூமிக்குள்ளிருந்து பீய்ச்சியடிக்கும். அந்த ஊற்றின் பெயரே அந்த ஜாதி ஊற்றுகள் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயராகி, கடைசியில் நம்ம குளியலறைக்கும் வந்துவிட்டது.

உலகத்துக் கீசர்களில் ஏறக்குறைய பாதி ஒரே இடத்தில் இருக்கின்றன. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா. அதில் சூப்பர் ஸ்டார் 'ஓல்ட் ஃபெய்த்ஃபுல்'. விசுவாசமான கிழவர் என்று வைத்துக்கொள்ளுங்களேன். 1870-ல் அந்தப் பக்கம் வந்த ஒரு ஆய்வுக்குழு, அவர் தவறாமல் பீய்ச்சுவதைப் பார்த்து வைத்த பெயர்.

அக்கா மகன் என்னைக் காரில் கூட்டிப்போனான். கிழவரைச் சுற்றி வரிசையாகப் பெஞ்சுகள். அடுத்த தரிசனம் 2.40-க்கு, பத்து நிமிடம் முன்னே பின்னே ஆகலாம் என்று போர்டு. 2.43-க்கே எனக்குச் சுர்ரென்றது. பக்கத்தில் ஒரு வெள்ளைக்கார அம்மாளும் வாட்ச்சைத் தட்டித் தட்டிப் பார்த்தார்.

"மாமா, அது வாட்ச் பார்த்து வர்றதில்ல" என்றான்.

வேறு எதைப் பார்த்து வருகிறது?

ஸ்கூல் லேபில் பன்சன் பர்னர் ஞாபகம் இருக்கிறதா? அதே பன்சன்தான் 1846-ல் ஐஸ்லாந்து போய், ஊற்றுக்குள் தெர்மாமீட்டரை இறக்கிப் பார்த்துக் காரணம் சொன்னவர். கீழே பாறை கொதிக்கிறது. நீண்ட குழாய் மாதிரி ஒரு துவாரத்தில் தண்ணீர் நிற்கிறது. அடியில் இருக்கும் தண்ணீரை மேலே இருக்கும் தண்ணீர் அழுத்திக்கொண்டே இருப்பதால், அது லேசில் கொதிக்காது. கிழவர் இருப்பது ஏறக்குறைய நம்ம ஊட்டி உயரம். அங்கே திறந்த பாத்திரத்தில் 93 டிகிரியிலேயே தண்ணீர் கொதித்துவிடும். ஆனால் கிழவருக்குள், 22 மீட்டர் ஆழத்தில், 118 டிகிரி அளந்திருக்கிறார்கள்! நடுவில் ஓரிடத்தில் துவாரம் நாலு அங்குலம்தான். ஆவி மேலே முட்டி, கொஞ்சம் தண்ணீரை வெளியே தள்ளும். பாரம் குறையும். அவ்வளவுதான், அடியில் அடக்கி வைத்திருந்ததெல்லாம் ஒரே நொடியில் ஆவியாகும். கொதிக்கிற குக்கரில் அவசரப்பட்டு வெயிட்டைத் தூக்கியவர்களுக்கு நான் மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை.

அப்புறம் நேரம் எப்படிச் சொல்கிறார்கள்? பி.காம். படித்த எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான். போன தடவை எவ்வளவு செலவு செய்தார் என்று பார்க்கிறார்கள். இரண்டரை நிமிடத்துக்குள் முடித்துவிட்டால் உள்ளே பாலன்ஸ் நிறைய இருக்கிறது என்று அர்த்தம். சுமார் ஒரு மணி நேரத்தில் மறுபடி வருவார். நாலைந்து நிமிடம் வாரி இறைத்தாரா, கஜானா நிரம்ப ஒன்றரை மணி நேரம் ஆகும்.

1882-ல் ஜெனரல் ஷெரிடனின் சிப்பாய்கள் இவரிடம் துணி துவைத்திருக்கிறார்கள், சார். வாயில் போட்டுவிட்டுக் காத்திருந்தால் வெளுத்துத் துப்புவார். பருத்தி தப்பித்தது, கம்பளி கந்தல்!

ஆனால், இவ்வளவு விசுவாசமான ஆள் ஒரு காலத்தில் வரவே இல்லை. கிழவர் உட்கார்ந்திருக்கும் மேட்டில் கல்லாகிப்போன மரத்துண்டுகள் கிடைத்தன. வெந்நீர் கொட்டுகிற இடத்தில் மரம் எப்படி முளைக்கும்? ஆராய்ந்ததில், 13, 14-ம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த மரங்கள். 2020-ல் வெளியான ஆய்வு சொல்வது: கடும் வறட்சியில் நிலத்தடி நீர் வற்றி, கிழவர் பல பத்தாண்டுகள் வாய் மூடிக் கிடந்திருக்கிறார். அடியில் அடுப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. பானையில் தண்ணீர் இல்லை. பூமி சூடாகி அந்தப் பக்கம் மழை குறைந்தால், மறுபடியும் இடைவெளி நீளலாம், நின்றே போகலாம் என்கிறார்கள்.

இதையெல்லாம் அவன் சொல்லி முடித்தபோது மணி 2.48. மண்ணுக்குள்ளிருந்து 'க்ளக்' என்று சத்தம். இரண்டு மூன்று முறை சும்மா எச்சில் துப்புகிற மாதிரி துப்பினார். அப்புறம் எழுந்தார் பாருங்கள்... பன்னிரண்டு, பதிமூன்று மாடி உயரத்துக்கு வெள்ளையாக ஒரு தூண்! காற்று எங்கள் பக்கம் திரும்பி, முகமெல்லாம் ஈரம். வாட்ச்சைத் தட்டிய அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

நான் நேரம் பார்த்துக்கொண்டேன். நாலு நிமிடம் பத்து விநாடி.

"அடுத்தது நாலரை மணி வாக்கில் இருக்குமாடா?"

"இருந்து பார்த்துட்டே போலாமா மாமா?"

கூட்டம் கலைந்துவிட்டது. நாங்கள் முன்வரிசைப் பெஞ்சுக்கு இடம் மாறினோம்.