கேட்டு வாங்குதல்

பாயான் பாருவில் என் மேசைமீது ஒரு செய்தித்தாள் நறுக்கு கிடக்கிறது. லூமுட்டில் நம் கடற்படைக்கு 6 கரையோரப் போர்க்கப்பல்கள் கட்டும் திட்டம் பற்றி, நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழு 2022 ஆகஸ்டில் வெளியிட்ட அறிக்கையின் சுருக்கம் அது.

900 கோடி வெள்ளித் திட்டம், நேரடிப் பேச்சின்வழி ஒரே நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. உள்நாட்டுக் கப்பல் தொழிலை வளர்க்க நினைத்தது குற்றமன்று. ஆயினும் கடற்படை விரும்பிய சிக்மா வடிவம் விலக்கப்பட்டு, கோவின்ட் வடிவம் ஏற்கப்பட்டது. முதற்கப்பல் 2019இல் வந்திருக்க வேண்டும். 608 கோடி வெள்ளி கொடுத்த பின்னும், 2022இல் ஒரு கப்பலும் முடிந்திருக்கவில்லை. 2023இல் எண்ணிக்கை 5 ஆகக் குறைந்தது; செலவோ 1,122 கோடியாக உயர்ந்தது.

இதைப் படித்தபோது பிறரைப் பழிக்க என் நா எழவில்லை. முன்பொருமுறை முதலாம் ஆண்டு மாணவர்க்கு நாற்காலிகள் செய்வித்தேன். வகுப்பாசிரியையைக் கேட்கவில்லை, மாதிரி பார்க்கவில்லை, முழுப்பணத்தையும் முன்னரே கொடுத்துவிட்டேன். நாற்காலிகள் உயரமாக வந்தன. ஓராண்டு முழுதும் பிள்ளைகள் கால் தரையில் படாமலே அமர்ந்து எழுதினர். பிழை தச்சருடையதன்று, என்னுடையது.

வாங்கும் முறையைத் தேர்வதே வாங்குவதன் முதற்பணி. பயன்படுத்துவோரைக் கேட்டல், வடிவத்தை முடிவுசெய்த பின் தொடங்கல், முடிந்த வேலைக்கேற்பப் பணம் தரல்: நாற்காலிக்கும் போர்க்கப்பலுக்கும் நெறி ஒன்றே. வள்ளுவர் ‘தெரிந்து செயல்வகை’யைப் பொருட்பாலில் வைத்ததும் காரணத்தோடுதான்.

அப்பிள்ளைகளுள் ஒருவன் நாளை கடற்படையில் சேரலாம். அவன் ஏறும் கப்பலாவது கேட்டு வாங்கியதாக இருக்கட்டும்.