நீட்ல வரலன்னா நர்சிங்கா?

போன வாரம் பக்கத்து பிளாக் அக்கா போன் பண்ணினாங்க. "பொண்ணுக்கு நீட்ல மார்க் பத்தாது போலருக்கு. பேசாம பி.எஸ்சி. நர்சிங்ல தள்ளிவிட்டுடலாமா?"

அந்த 'தள்ளிவிட்டுடலாமா' தான் உறுத்துச்சு. டெல்லியில 11 வருஷமா நர்சிங் பிள்ளைங்களுக்குப் பாடம் எடுக்கறேன். ஒவ்வொரு வருஷமும் முதல் வகுப்புல பல முகத்துல இந்த வார்த்தை எழுதி ஒட்டியிருக்கும்.

2021-ல இந்திய நர்சிங் கவுன்சில் பாடத்திட்டத்தை மாத்தி, நாலு வருஷத்தை எட்டு செமஸ்டர் ஆக்கினாங்க. முதல் செமஸ்டர்லயே அனாடமி, பிசியாலஜி, நர்சிங் ஃபவுண்டேஷன். நீட்டுக்குப் படிச்சவங்களுக்கு முதல் ரெண்டும் அல்வா. இந்தி மீடியத்துல இருந்து வந்ததுங்க பாவம், 'ஸ்கேபுலா'வுக்கு ஸ்பெல்லிங் எழுதறதுக்குள்ள முழி பிதுங்கிடும்.

அப்படி வந்த ஒரு ராஜஸ்தான் பொண்ணு. ரெண்டு தடவை நீட் எழுதினவ. அனாடமில கிளாஸ் ஃபர்ஸ்ட். ஆனா வார்டுல பெட்பேன் எடுன்னா கை பின்னாடி போயிடும். ஊர்ல 'மெடிக்கல் படிக்கறேன்'னு மட்டும் சொல்லி வெச்சிருந்தா. எனக்குக் கோபம். மதிப்பீட்டு ஃபாரத்துல மனப்பான்மைன்னு ஒரு கட்டம் உண்டு, அதுல குறைச்சுப் போட்டேன். அதோட விட்டேனா? எல்லார் முன்னாடியும் "உனக்கு இது ஒத்துவராது, வேற படிப்பு பாரு"ன்னும் சொல்லிட்டேன். அவ ஒண்ணும் பேசல.

ரெண்டாம் வருஷம் சர்ஜிகல் வார்டு. மகன் வீட்டுக்கு வந்த இடத்துல ஹெர்னியா ஆபரேஷன் ஆன நம்ம ஊர் தாத்தா ஒருத்தர். இந்தி ஒரு வார்த்தை தெரியாது. காலைல ரவுண்ட்ஸ் போறேன், கட்டில் பக்கத்துல ஒரு தாள் ஒட்டியிருக்கு. வலி, தண்ணி, ஒண்ணுக்கு, திரும்பிப் படுங்க... எல்லாம் இந்தி எழுத்துல! தாத்தாவோட மகன்கிட்ட கேட்டு எழுதினவ இவதான். "மேடம், 'எழுந்திரிங்க'ல வர்ற அந்த எழுத்து வாய்ல வரமாட்டேங்குது"ன்னு என்கிட்டயே டியூஷன் கேட்டா. (வீட்ல என் பையனுக்கே அது வராது, அது தனிக்கதை.) யாரும் சொல்லாமலே தாத்தாவுக்கு பெட்பேனும் வெச்சா.

அப்புறமா தனியா கேட்டேன், எப்படி மாறினேன்னு. இந்தியில சொன்னா: "மாறலை மேடம். அன்னைக்கு பேஷன்ட்டை எப்படித் திருப்பணும், எங்க பிடிக்கணும்னு வார்டுல யாரும் கூட நின்னு காட்டலை. வலிக்க வெச்சுடுவேனோன்னு பயம். நீங்க அருவருப்புன்னு நினைச்சுட்டீங்க."

டெமோ ரூம்ல பொம்மையை வெச்சு ஒரு தடவை காட்டினதோட சரி. அறுபது பேருக்கு அதுதான் முடிஞ்சுது. மார்க் அப்பவே யுனிவர்சிட்டிக்குப் போயாச்சு, திருத்த முடியாது. மன்னிப்பு கேட்டேன். சிரிச்சுட்டுப் போயிட்டா.

இப்பல்லாம் முதல் பெட்பேன் என் கையில. பிள்ளை பக்கத்துல நிக்கும். அந்தக் கட்டத்தைக் கடைசியாத்தான் நிரப்பறேன்.

அக்காகிட்ட, பொண்ணை ஒரு நாள் என்கூட அனுப்புங்க, வார்டைப் பார்த்துட்டு அவளே சொல்லட்டும்னேன். "அவகிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்"னாங்க. இன்னும் போன் வரல.