ஆமணக்குச் செடியும் அதை அரித்த பூச்சியும்



இந்த வாரத் தியானத்துக்கு யோனா தீர்க்கதரிசியின் புத்தகத்தில் நான்காம் அதிகாரத்தை எடுத்துக்கொள்வோம். யோனா என்றதும் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்தப் பெரிய மீன்தான் நினைவுக்கு வரும். ஆனால் தேவன் அனுப்பியவை அந்தப் புத்தகத்தில் இன்னும் உண்டு. தீர்க்கதரிசியின் தலைக்கு நிழல் தர ஓர் ஆமணக்குச் செடி. மறுநாள் கிழக்கு வெளுக்கும்போது அதை அரிக்க ஒரு பூச்சி. அதன்பின் உஷ்ணமான காற்று. மீனைப்போலவே அந்தப் பூச்சியும் அவர் ஏவலைச் செய்த ஊழியக்காரன். அதன் பெயரைக்கூட வேதம் சொல்லவில்லை. ஆனாலும் அதற்கு அங்கே ஒரு வேலை இருந்தது.

இதை எழுதத் தூண்டியது நம் ஆலய வளாகமே. 2016ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் தேதி வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது, நம் வளாகத்து மயிற்கொன்றை மரங்கள் வேரோடு சாய்ந்ததை உங்களில் பலர் கண்டீர்கள். மடகாஸ்கர் தீவிலிருந்து வந்த அழகிய மரம் அது; ஆனால் பெருங்காற்றுக்கு ஈடுகொடுக்கவில்லை. அந்த இடத்தில் நம் வாலிபர் சங்கத்தார் புங்கையும் பூவரசும் நட்டார்கள். மேற்கு மதிலோரம் நாலடி அகலத்தில் ஆவாரை, நொச்சி, துளசி, கறிவேப்பிலை, எருக்கு ஆகியவற்றை வைத்தார்கள். தும்பையும் ஆமணக்கும் யாரும் நடாமலே முளைத்தன.

காலை ஜெபத்துக்கு முன் அந்த மதிலோரம் நடப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. ஆவாரம்பூவில் தேன் கிடையாது. மகரந்தம் மட்டுமே உண்டு. அதுவும் நுனியில் சிறு துளையுள்ள பைகளுக்குள் அடைபட்டிருக்கிறது. கருவண்டு என்று நாம் சொல்லும் தச்சுத் தேனீ வந்து பூவை இறுகப் பற்றி, தன் உடலை அதிரச் செய்கிறது. அந்த அதிர்வில் மகரந்தம் பொடியாகக் கொட்டுகிறது. நாம் உண்ணும் கத்தரியின் பூவும் இதே அமைப்புடையதுதான். பெட்டியில் வளர்க்கும் தேனீக்கு இந்த வித்தை தெரியாது. ஒரு பூவின் பூட்டுக்கு ஏற்ற திறவுகோலை ஒரு வண்டின் உடலுக்குள் வைத்தவரைத் துதிக்காமல் அந்த இடத்தைக் கடந்து போக என்னால் இயலவில்லை.

சென்ற மாதம் நம் சபையின் மூத்த தாயார் ஒருவர் என்னை நிறுத்தி, “ஐயா, ஆலயத்துச் செடி இப்படி ஓட்டை ஓட்டையாய் இருக்கலாமா? மருந்தடிக்கச் சொல்லுங்கள்” என்றார். ஆலயம் செம்மையாக இருக்கவேண்டும் என்ற அன்பில் எழுந்த கேள்வி அது. அம்மா, ஆமணக்கு இலையைத் தின்னும் அந்தப் புழுக்களில் ஒன்றுதான் சில நாளில் செம்பழுப்பு நிறப் பட்டாம்பூச்சியாய்ப் பறக்கிறது. கறிவேப்பிலையில் பறவை எச்சம்போல் ஒட்டியிருக்கும் குட்டிப் புழு, பச்சையாய் வளர்ந்து, பிறகு கருநிறச் சிறகு விரிக்கிறது. கொரியன் புல்லும் குரோட்டன்ஸும் ஓட்டையின்றி இருப்பதன் காரணம், நம் ஊர்ப் பூச்சிகளுக்கு அங்கே பெரும்பாலும் பந்தியில்லை என்பதே. ஆமணக்கு விதை மட்டும் நஞ்சு. ஆகையால் பிள்ளைகளின் கைக்கு எட்டாதபடி அதன் காய்க்குலைகளை வாலிபர்கள் அவ்வப்போது வெட்டிவிடுகிறார்கள்.

இப்போது நம்முன் ஒரு தீர்மானம் இருக்கிறது. வளாகம் முழுவதும் பேவர் பிளாக் கல் பதித்து, வாகனங்கள் நிறுத்த இடம் செய்யவேண்டும் என்று சபைக் கமிட்டியில் கோரிக்கை வந்துள்ளது. அடுத்த மாதப் பொதுக்கூட்டத்தில் அது முடிவாகும். மதிலோரத் தோட்டமும் அந்த வரைபடத்துக்குள் இருக்கிறது. நம் ஊர்த் தேனீ இனங்களில் பல கூட்டமாய் வாழ்வதில்லை. தாய் ஒன்றாகவே மண்ணில் வளை தோண்டி முட்டையிடுகிறது. உடலில் நீல வரிகளுள்ள சிறு தேனீ அப்படிப்பட்டது. கல்லால் மண்ணை மூடினால், மேலே தொட்டிகளில் எத்தனை பூ வைத்தாலும் அதற்கு வீடில்லை.

தோட்டத்தை நேசிப்பவர்களாகிய நாம் இங்கே யோனாவைக் கவனிக்கவேண்டும். அவன் செடிக்காகப் பரிதபித்தான். அது பட்டுப்போனபோது சாகவும் விரும்பினான். ஆனால் நினிவே நகரத்து மக்களுக்காக அவன் மனம் உருகவில்லை. தேவன் அவனைக் கேட்டது அதைத்தான்: நீ நடாத, வளர்க்காத செடிக்காக இத்தனை துக்கமா? வலது கைக்கும் இடது கைக்கும் வேற்றுமை அறியாத 1,20,000 பேர் வாழும் நகரத்துக்காக நான் இரங்கவேண்டாமா? அந்தக் கேள்வியோடு புத்தகம் முடிகிறது. அந்த நகரத்தின் மிருக ஜீவன்களையும் தேவன் அங்கே மறவாமல் குறிப்பிடுகிறார். அவருடைய இரக்கத்தில் மனிதரும் உண்டு, வாய்பேசாத ஜீவன்களும் உண்டு.

ஆகவே, செடிக்காகப் பேசிவிட்டு, பிரதான சாலையோரம் இறங்கி மூட்டுவலியோடு ஆலயத்துக்கு நடந்து வரும் நம் முதியவர்களை மறந்தால், நாமும் யோனாவின் பந்தலின் கீழ்தான் உட்கார்ந்திருக்கிறோம். கல் பதிக்கக் கேட்டவர்கள் சிருஷ்டிப்பை வெறுப்பவர்கள் அல்லர். தங்கள் பெற்றோரை நினைத்துக் கேட்டார்கள்.

என் மனதிலுள்ளதைச் சொல்கிறேன். போதகர் இல்லத்து வாகனக் கொட்டகையை எடுத்துவிடலாம். அங்கே மூன்று கார்கள் நிற்கும். ஆலய வாசலுக்கும் அதுவே மிக அருகில் உள்ளது. அந்த இடம் முதியவர்களை அழைத்து வரும் வாகனங்களுக்கே இருக்கட்டும். என் வண்டியைத் தெருவில் நிறுத்திக்கொள்கிறேன். முன்முற்றத்தில் கல் பதிக்கலாம். இடைவெளியில் மழைநீர் இறங்கும்படி பதிக்கட்டும். மதிலோரத்து நாலடியை மட்டும் மண்ணாகவே விட்டுவிடுவோம். இது கட்டளை அல்ல, வேண்டுகோள். சபையார் ஜெபித்து முடிவு செய்யுங்கள்.

அடுக்குமாடியில் வாழ்பவர்கள், எங்களுக்கு மண் ஏது என்று கேட்கலாம். ஒரு தொட்டித் துளசியைக் கிள்ளாமல் பூக்க விடுங்கள். கறிவேப்பிலையில் புழுவைக் கண்டால் இரண்டு கொத்தை அதற்கு விட்டுக்கொடுங்கள். கல்லறைத் தோட்டத்தைச் சுத்தம் செய்யும் நாளில் களைக்கொல்லி தெளிக்காமல் கையால் களையெடுங்கள். மழைக்காலத்துத் தும்பை ஓரமாய்ப் பூத்திருந்தால் அது நம் பிரியமானவர்களுக்கு அவமரியாதை ஆகாது. இடத்தில் கொஞ்சம், இலையில் கொஞ்சம், நம் வசதியில் கொஞ்சம்: விட்டுக்கொடுத்தல் இல்லாமல் இரக்கம் இல்லை.

ஜெபம்: சிறியதையும் பேர்சொல்லி ஏவுகிற தேவனே, எங்கள் தலைக்கு மட்டும் நிழல் தேடும் மனதை மாற்றும். முதியவரின் காலடிக்கும் வண்டின் வளைக்கும் இடம் வைக்கும் விசாலமான இருதயத்தை எங்கள் சபைக்குத் தாரும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் வேண்டிக்கொள்கிறோம், பிதாவே. ஆமென்.