கழுத்தில் ஒரு கறுப்புப் பட்டை

அக்கா மகனுக்கு 11 வயசு. கழுத்தைச் சுற்றிக் கறுப்பாக ஒரு பட்டை. அழுக்கென்று நினைத்து அம்மா கடலைமாவு போட்டுத் தேய்த்துத் தேய்த்து, பிள்ளை வலி தாங்காமல் அழுதுவிட்டான். டாக்டர் பார்த்தவுடன் சொன்னார்: "அழுக்கில்லைம்மா. உடம்பு இன்சுலினுக்குச் சரியா கட்டுப்படலை."

வீட்டில் எல்லோரும் அவன் தட்டைத்தான் பார்த்தோம். பரோட்டா, பிஸ்கட். அதுவும் உண்மைதான். ஆனால் அவன் இழுக்கும் மூச்சை யாரும் யோசிக்கவில்லை. எண்ணூர் விரைவுச் சாலையை ஒட்டிய வீடு. காலையில் துடைத்த ஜன்னல் கம்பியில் மாலை விரல் வைத்தால் கரி ஒட்டும்.

ஜெர்மனியில் 10 வயதுப் பிள்ளைகள் 397 பேரைப் பரிசோதித்து 2013இல் வெளியிட்டார்கள். வாகனப் புகை மிகுந்த இடத்தில் பிறந்தவர்களுக்கு டாக்டர் சொன்ன அதே கோளாறு, இன்சுலின் எதிர்ப்பு, கூடுதல். உடல் எடையைக் கணக்கில் சேர்த்த பிறகும் அப்படித்தான். அவன் கழுத்துக்குக் காரணம் புகைதான் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் காற்றிலுள்ள நுண்துகளுக்கு (PM2.5) உலக சுகாதார நிறுவனம் வைத்த ஆண்டுச் சராசரி அளவு கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராம், நம் நாட்டு வரம்பு 40 என்று படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

தினமும் ஓடி விளையாடச் சொல்லியிருக்கிறார் டாக்டர். மைதானத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் கன்டெய்னர் லாரிகள் இன்ஜினை அணைக்காமல் வரிசையில் நிற்கின்றன.