தோற்கிறவர்களோடு ஒரு நாள்

ஜயிக்கிற கட்சிக்கு ஜே போடுவதற்கு உலகத்தில் ஜனங்கள் குறைந்ததே கிடையாது. அதற்குப் பெரிய சாமர்த்தியம் ஒன்றும் வேண்டியதில்லை. எந்தக் கட்சி ஜயிக்கிறது என்று கவனிக்கக் கண் இருந்தால் போதும். ஆனால் வாரம் தவறாமல் தோற்கிற ஒரு கட்சிக்காகச் சொந்தப் பணத்தைச் செலவழித்து, 170 மைல் பிரயாணம் செய்து, மழையில் நனைந்து, தொண்டை கட்டும்வரை கூவிவிட்டு, நடுநிசியில் வீடு திரும்புகிறவனை என்னவென்று சொல்வது? பைத்தியக்காரன் என்று சொல்லலாம். பக்தன் என்றும் சொல்லலாம். இங்கிலாந்தில் அத்தகைய மனிதர்களோடு ஒரு சனிக்கிழமை முழுவதையும் கழிக்கும் பாக்கியம் சில வருஷங்களுக்கு முன் நமக்குக் கிடைத்தது.

நம் நண்பர் ஒருவர் பிரிஸ்டல் நகரத்துப் பக்கம் விமானத் தொழிற்சாலையில் முப்பது வருஷமாக உத்தியோகம் பார்க்கிறார். பிறந்தது கும்பகோணம். சனிக்கிழமைகளில் மட்டும் அவருக்குக் குலதெய்வம் வேறு. அதன் பெயர் ரக்பி. பிள்ளைகள் சிறுவர்களாக இருந்தபோது உள்ளூர்க் கழகத்தில் ஆட்டம் பழகினார்களாம். பிள்ளைகள் வளர்ந்து வேறு ஊர் போய்விட்டார்கள். தகப்பனார் மட்டும் கழகத்தை விடவில்லை. வாசலில் நின்று டிக்கெட் கொடுக்கிறார்.

"நாளைக்கு ரெட்ரூத் போகிறோம், நீரும் வாரும்" என்றார்.

"ஜயிப்பீர்களா?"

"அது எப்படி முடியும்? இந்த வருஷம் வெளியூரில் ஒன்றுகூட ஜயிக்கவில்லையே!"

"பின் எதற்காகப் போகிறீர்?"

"பையன்கள் போகிறார்களே, ஐயா!" என்றார். அதற்கு மேல் நாம் என்ன பேசுவது?

ரக்பி ஆட்டத்தைப் பார்த்திராத வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. பந்து முட்டை வடிவம். பக்கத்துக்குப் பதினைந்து பேர். ஆட்டம் 80 நிமிஷம். பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடலாம். எதிரி கட்டிப்பிடித்து வீழ்த்தலாம். ஆனால் பந்தைக் கையால் முன்னே எறியக் கூடாது. பின்னால் வருகிறவனிடம்தான் கொடுக்க வேண்டும். எதிரியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்தால் அது 'ட்ரை'. அதற்கு 5 பாயிண்டு. பிறகு கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து அனுப்பினால் இன்னும் 2.

1987-இல் இங்கிலாந்து முழுவதற்கும் ஏணிப்படி போல் லீக் பந்தயங்கள் ஏற்பட்டன. ஜயிக்கிறவர்கள் மேற்படிக்கு ஏறுவார்கள். கடைசியில் நிற்பவர்கள் கீழே இறங்குவார்கள். நாம் போன வருஷம் ரெட்ரூத்தும் நண்பரின் கழகமும் நான்காம் படியில் இருந்தன. இறங்கிவிடுமோ என்ற பயம் நண்பரின் கழகத்துக்குத்தான்.

காலை எட்டு மணிக்கு பஸ் கிளம்பிற்று. முன் பாதியில் ஆட்டக்காரர்கள்; பின் பாதியில் பக்தகோடிகள் பதினெட்டுப் பேர். ஆட்டக்காரர்களில் ஒருவர் பள்ளி உபாத்தியாயர், ஒருவர் தச்சர், ஒருவர் மாட்டு வைத்தியத்துக்குப் படிக்கும் மாணவர். பின் ஆசனங்களில் ஒரு பாட்டியம்மாள் கம்பளி பின்னிக்கொண்டே, எதிர்க் கட்சியின் முன்வரிசை ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவருடைய பலவீனத்தையும் விஸ்தரித்துக்கொண்டு வந்தார். நண்பரின் சகதர்மிணி கட்டிக் கொடுத்த புளியோதரை எக்ஸிடர் நகரத்தைத் தாண்டுவதற்குள் பஸ் முழுவதும் பிரயாணம் செய்துவிட்டு, காலிப் பாத்திரமாகத் திரும்பி வந்தது.

டேமார் நதியைக் கடந்ததும் கார்ன்வால். கறுப்பில் வெள்ளைச் சிலுவை போட்ட தனிக் கொடியும், இங்கிலீஷிலிருந்து வேறான தனிப் பாஷையும் உள்ள நாடு அது. பாட்மின் மேட்டுநிலத்தில் காற்றும் மழையும் பஸ்ஸைப் பிடித்து உலுக்கின. அதற்கப்பால் கருங்கல்லால் கட்டிய பாழும் எஞ்சின் வீடுகள், பக்கத்தில் ஒற்றைப் புகைபோக்கியோடு, குன்றுக்கு ஒன்றாகத் தென்பட்டன. எல்லாம் தகரமும் தாமிரமும் எடுத்த சுரங்கங்கள். ரெட்ரூத்துக்குப் பக்கத்தில் இருந்த ஸவுத் க்ராஃப்டி 1998-இல் மூடப்பட்டதோடு, கார்ன்வாலில் தகரம் எடுக்கும் தொழிலே நின்றது. ரெட்ரூத் ரக்பிக் கழகமோ 1875-இல் தோன்றி இன்றுவரை நிற்கிறது.

மைதானத்தில் நமக்குத் தனி இடம், கயிறு, போலீஸ் ஒன்றும் கிடையாது. அவர்களும் நாமும் தோளோடு தோள் நிற்க வேண்டியதுதான். நாம் போய் நின்ற இடத்துக்கு 'ஹெல்ஃபயர் கார்னர்', அதாவது நரக நெருப்பு மூலை என்று பெயர். பக்கத்தில் நின்ற கிழவர் ஒருவர் நம் கையில் சுடச்சுட ஒரு 'பாஸ்டி'யைக் கொடுத்தார். பெரிய சோமாசி ஒன்றில் தேங்காய்ப் பூரணத்துக்குப் பதிலாகப் பாலாடைக்கட்டியும் வெங்காயமும் வைத்தது போல் இருந்தது. மாமிசம் வைத்ததை நாம் சாப்பிட மாட்டோம் என்று நண்பர் முன்பே சொல்லியிருந்தார்.

கிழவர் நம் ஊரைக் கேட்டார். சென்னைப் பட்டணம் என்றோம்.

"கோலாருக்குப் பக்கமா?" என்றார்.

நாம் திடுக்கிட்டோம். அவருடைய பாட்டனார் கோலார் தங்கவயலில் வேலை பார்த்தவராம். விஷயம் சரிதான். 1880-க்குப் பிறகு ஜான் டெய்லர் கம்பெனியார் கோலாரில் தங்கம் எடுக்க ஆரம்பித்தபோது, கார்ன்வால் சுரங்கக்காரர்களை மேற்பார்வைக்கு வரவழைத்தார்கள். கூலி வேலைக்கு இறங்கியவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு முதலிய ஜில்லாக்களிலிருந்து போன தமிழர்கள். அவர்களுக்குப் பங்களா, நம்மவர்களுக்குக் குடிசை வரிசை. அந்த வித்தியாசத்தை நாம் மறப்பதற்கில்லை. ஆனால் கோலார்ச் சுரங்கமும் 2001-இல் மூடிவிட்டது என்று நாம் சொன்னபோது, கிழவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு சற்று நேரம் பேசாமல் நின்றார். சுரங்கம் மூடிய ஊரின் துக்கத்தை அவருக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பிறகு தம் ஊர்ப் பெருமையைச் சொன்னார். 1908-இல் கார்ன்வால் ஜில்லாக் கோஷ்டி இங்கிலாந்தின் சாம்பியன் பட்டம் பெற்றது. அதே வருஷம் ஒலிம்பிக்கில் பிரிட்டன் சார்பில் ஆடி வெள்ளிப் பதக்கம் வாங்கியது. ரெட்ரூத்து வீரர் பெர்ட் ஸாலமன் 1910-இல் ட்விக்கன்ஹாம் மைதானத்தின் முதல் சர்வதேச ஆட்டத்தில் இங்கிலாந்துக்காக ஆடி ஒரு ட்ரை போட்டார். மறுபடி அழைத்தார்கள், அவர் போகவில்லை. ஊருக்குத் திரும்பி, தம் பழைய வேலையையும் உள்ளூர் ஆட்டத்தையும் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டார்.

ஆட்டம் எதிர்பார்த்தபடியே நடந்தது. உள்ளூரார் எண்மர் தலையைக் குனிந்து ஒரே உடம்பாகச் சேர்ந்து தள்ளினால் நம்மவர்கள் சேற்றில் சறுக்கிக்கொண்டு பின்னால் போனார்கள். பாட்டியம்மாள் கம்பளியை மூட்டை கட்டிவிட்டு, "இடுப்பைப் பிடி, இடுப்பைப் பிடி!" என்று கத்தினார். கடைசி நிமிஷத்தில் கணக்கு 31-க்கு 17. ஜயம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனால் ரக்பி லீக்கில் தோற்கிறவனுக்கும் ஒரு நியாயம் வைத்திருக்கிறார்கள். நான்கு ட்ரை போட்டால் ஒரு புள்ளி. 7 பாயிண்டு வித்தியாசத்துக்குள் தோற்றால் இன்னொரு புள்ளி. நம்மவர்கள் போட்டிருந்தது மூன்று.

அந்தச் சமயத்தில் மாட்டு வைத்திய மாணவன் எங்கிருந்தோ பந்தோடு வந்து, இரண்டு பேரைச் சுமந்துகொண்டே ஓரமாகக் கோட்டின்மேல் விழுந்தான். நான்காவது ட்ரை! 31-க்கு 22. ஒரு புள்ளி கிடைத்தாயிற்று. இரண்டாவது கிடைக்க வேண்டுமானால், மைதானத்தின் ஓரத்திலிருந்து பந்தை உதைத்துக் கம்பங்களுக்கு நடுவே அனுப்ப வேண்டும்.

உதைக்கப் போகிறவர் உபாத்தியாயர். அவர் பந்தை நிறுத்தி வைத்துப் பின்னால் நகர்ந்தார். அதுவரை காது செவிடுபடக் கூச்சலிட்ட நரக நெருப்பு மூலை, கோயில் கர்ப்பக்கிருகம் போல் நிசப்தமாயிற்று. எதிர்க் கட்சிக்காரன் கம்பத்தைப் பார்த்து உதைக்கும்போது வாய் திறப்பதில்லை என்பது அந்த ஆட்டத்தின் பழைய வழக்கம். தம் ஊருக்கு விரோதமான உதைக்காக ஒரு ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றதை நாம் கண்ணால் கண்டோம். பந்து ஒரு கம்பத்தை உரசிக்கொண்டு உள்ளே போயிற்று. 31-க்கு 24. முதலில் கை தட்டியவர் கோலார்க் கிழவர்.

ஆட்டம் முடிந்ததும் ஜயித்தவர்கள் இரு வரிசையாக நின்று, தோற்றவர்களை நடுவே நடக்கவிட்டுக் கரகோஷம் செய்தார்கள். பின்பு எல்லோரும் ஒரே கூடத்தில் ஆகாரம் செய்தார்கள். பரிமாறியவர்களும், கொடி நட்டவர்களும், பாத்திரம் கழுவியவர்களும் சம்பளம் வாங்காத ஊர்க்காரர்கள்.

இதே தேசத்தில் 1867-இல் பிறந்த வாஸ்ப்ஸ் என்னும் பெரிய கழகம் 2022-லும், 1898-இல் பிறந்த லண்டன் ஐரிஷ் 2023-லும் கடன் பளுவைத் தாங்காமல் முதல் படியிலிருந்து விழுந்தன. பெரிய சம்பளமும் பெரிய மைதானமும் அவற்றைக் காப்பாற்றவில்லை. சிறிய கழகங்களுக்கும் பணக்கஷ்டம் உண்டு. ஆனால் அங்கே டிக்கெட் கொடுக்கிறவரே சொந்தக்காரர். பாத்திரம் கழுவுகிறவரே முதலாளி. சனிக்கிழமை வந்து நிற்க ஆள் இருக்கிறவரை அங்கே கதவு திறந்திருக்கும். நம் ஊர்களில் உள்ள வாசகசாலைகளும் சங்கீத சபைகளும் விளையாட்டுச் சங்கங்களும் பெரும்பாலும் பணமில்லாமல் சாவதில்லை. வந்து நிற்க ஆளில்லாமல்தான் சாகின்றன என்பது நம் அபிப்பிராயம்.

அந்த இரண்டு புள்ளிகள் கழகத்தைக் கரையேற்றினவா என்று வாசகர்கள் கேட்கலாம். இல்லை. பருவக் கடைசியில் நண்பரிடமிருந்து கடிதம் வந்தது: "கீழ்ப்படிக்கு இறங்கிவிட்டோம். இனி எல்லா ஆட்டமும் பக்கத்து ஊர்களில்தான். பஸ் செலவு பாதி மிச்சம். அடுத்த வருஷச் சீட்டு வாங்கியாயிற்று. உமக்கும் ஒன்று வாங்கட்டுமா?"

வாங்கச் சொல்லிப் பதில் எழுதிவிட்டோம்.