கண்டியைப் பிடித்தவர்கள்

கண்டிக்குள் நுழைவது ஒருநாளும் பெரிய காரியமாக இருந்ததில்லை. உள்ளே போய்த் தங்குவதுதான் யாராலும் முடியாமல் போனது. 1594-இல் போர்த்துக்கேயத் தளபதி லோபெஸ் டி சோசா வந்தார். திரும்பும் வழியில் தந்துறையில் அவருடைய படையே அழிந்தது. 1765-இல் ஒல்லாந்த ஆளுநர் வான் எக் வந்து அரண்மனையைச் சூறையாடினார். அவர் விட்டுப்போன காவற்படை பசியும் காய்ச்சலும் தாங்காமல் அதே ஆண்டிலேயே பின்வாங்கியது. எதிரி வருகிறான் என்றால் மன்னன் காட்டுக்குப் போவான், சனங்கள் மூட்டை முடிச்சோடு மலையேறுவார்கள். வந்தவனுக்கு ஒரு பிடி நெல் கிடைக்காது. பிறகு மழை.

*

1803 ஆங்கிலேயரின் முறை. பெப்ரவரியில் அவர்கள் நுழைந்தபோதும் ஊர் வெறிச்சோடித்தான் கிடந்தது. முந்தைய மன்னரின் மைத்துனர் முத்துசாமியை அரியணையில் ஏற்றிவிட்டு, மேஜர் டேவியின் கீழ் ஒரு சிறு படையை விட்டுப் போனார்கள். ஜூனில் பாதிப்பேர் காய்ச்சலில் கிடக்க, டேவி சரணடைந்தார். திருகோணமலைக்குப் போக அனுமதி கிடைத்தது. ஆனால் வட்டாப்புளுவையில் மகாவலி பெருக்கெடுத்து ஓடியது, கடக்க வழியில்லை. கரையில் நின்றவர்களிடம் மன்னனின் ஆட்கள் வந்து முத்துசாமியைக் கேட்டார்கள். டேவி கொடுத்துவிட்டார். முத்துசாமி கொல்லப்பட்டார், அடுத்து ஆயுதம் களைந்த சிப்பாய்களும்.

இந்தக் கதையை டேவியின் துயரமாகவே எழுதிவருகிறார்கள். எனக்கு முத்துசாமியைத்தான் நினைக்கத் தோன்றுகிறது. அவரைக் கொல்லச் சொன்ன ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் இயற்பெயர் கண்ணுசாமி. இருவருமே மதுரையிலிருந்து வந்த நாயக்கர் வழி.

*

நாயக்கர் ஆட்சி படையெடுப்பால் வந்ததல்ல. 1739-இல் நரேந்திரசிங்கன் வாரிசில்லாமல் இறந்ததும் அரசியின் சகோதரன் பட்டத்துக்கு வந்தான். பெண் கொடுத்த வீட்டுக்கே முடி போனது. சைவக் குடும்பத்தில் பிறந்த கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன்தான் 1753-இல் சீயத்திலிருந்து பிக்குகளை வரவழைத்து, அறுந்துபோயிருந்த உபசம்பதா (பிக்குகளின் உயர் தீட்சை) மரபை மீட்டார். இலங்கைப் பௌத்தத்துக்கு அவர் செய்ததற்கு ஈடாகச் சொல்ல அதிகம் பேர் இல்லை. புத்தரின் புனித தந்தம் இருக்கும் தலதா மாளிகைக்குக் கிட்டவே மலபார் வீதி இருந்தது, அரச உறவினர் குடியிருந்த தெரு.

*

கண்டி வாவி வெட்டிய கதை தனியே எழுத வேண்டியது. வயலாக இருந்த இடத்தை ஸ்ரீ விக்கிரமன் நீராக்கினான். ராஜகாரியம் என்று ஆட்களைக் கட்டாயமாக இழுத்தார்கள். பிரதானிகளின் கசப்பு அப்போதே முற்றியிருந்தது. 1814-இல் அவர்களில் ஒருவரான எஹெலபொல ஆங்கிலேயர் பக்கம் போனார். அவருடைய மனைவியையும் பிள்ளைகளையும் மன்னன் கொன்றான். அதன் பிறகு அவனுக்காகக் காட்டுக்குப் போக யாரும் இருக்கவில்லை. 1815 பெப்ரவரியில் ஆங்கிலப் படை சண்டையே இல்லாமல் ஊருக்குள் வந்தது. பதினெட்டாம் தேதி மெதமகாநுவரப் பக்கம் மன்னன் பிடிபட்டான். பல தலைமுறைகளாக ஊரைக் காத்தது காடு மட்டுமல்ல, காட்டுக்குள் கூடவே போன சனமும்தான்.

*

மார்ச் 2, மகுல் மடுவ. செதுக்கிய மரத்தூண்கள் இன்றும் நிற்கும் அந்த மண்டபத்தில் கண்டியை ஆங்கிலேயரிடம் ஒப்படைக்கும் உடன்படிக்கை வாசிக்கப்பட்டது. பிரதானிகள் சிலரின் கையொப்பத்தில் தமிழ் எழுத்து இருக்கிறது. பௌத்தத்தைக் காப்போம் என்ற ஐந்தாம் பிரிவு எல்லோருக்கும் தெரியும். மூன்றாம் பிரிவை யாரும் பேசுவதில்லை: மன்னனின் ஆண் உறவினர்கள் அனைவரும் எதிரிகள், அனுமதியின்றிக் கண்டி நாட்டுக்குள் கால் வைத்தால் இராணுவச் சட்டப்படி தண்டனை. மன்னன் 1816-இல் வேலூருக்கு அனுப்பப்பட்டான், 1832-இல் அங்கேயே இறந்தான். பாலாற்றங்கரையில் முத்து மண்டபம் அவன் நினைவிடம்.

*

ஆங்கிலேயர் மட்டும் எப்படித் தங்கினார்கள்? 1818 கிளர்ச்சியில் அதன் தலைவர் கெப்பெட்டிபொலவின் தலையை வெட்டியது ஒரு காரணம். கைவிட்டுப் போயிருந்த புனித தந்தத்தை மீட்டது இன்னொன்று. அது யாரிடமோ ஆட்சி அவரிடம் என்பது இங்கே சனங்களின் நம்பிக்கை. ஆனால் எல்லாவற்றையும் விட வீதி. ஆளுநர் பார்ன்ஸ் சொல்ல, கப்டன் டோசன் கடுகண்ணாவையில் மலையை வெட்டி வழி போட்டார். 1867-இல் ரயிலும் ஏறிவிட்டது. பசியில் சாக இனி எந்தக் காவற்படைக்கும் அவசியமில்லை.

அந்த வீதி படைக்குப் பிறகு கோப்பியைச் சுமந்தது. கோப்பிக்கு ஆள் வேண்டியிருந்தது. மதுரையிலிருந்து வந்த அரச குடும்பத்துக்குக் கண்டியை மூடிய அதே அரசின் கீழ், சில பத்தாண்டுகளில் மதுரை, திருச்சி, இராமநாதபுரம் கிராமங்களிலிருந்து ஆட்கள் ஆயிரக்கணக்கில் கூட்டிவரப்பட்டார்கள். மன்னாரில் இறங்கி, தம்புள்ளை, மாத்தளை வழியாகக் காட்டுப் பாதையில் நடந்தார்கள். வழியில் காய்ச்சலில் விழுந்தவர்கள் ஏராளம். டோசனுக்குக் கடுகண்ணாவையில் ஒரு கோபுரம் எழுப்பினார்கள். விழுந்தவர்களின் பெயரைக்கூட எவரும் எழுதிவைக்கவில்லை. கண்டி வரலாற்றைப் பெரும்பாலும் 1815-உடன் முடித்துவிடுகிறார்கள். இவர்களின் அத்தியாயத்தையும் அதில் சேர்க்க வேண்டும்.