கடல் கைவிட்ட நகரம்

உலகில் கடலால் வளர்ந்த நகரங்கள் பல. கடல் பொங்கி எழுந்து விழுங்கிய நகரங்களும் உண்டு. ஆனால், கடல் விலகிச் சென்றமையால் தாழ்வுற்று, அத்தாழ்வின் காரணமாகவே தன் பழைய கோலம் மாறாமல் நின்று, இன்று பல நாட்டாரும் தேடி வந்து காணும் சிறப்புப் பெற்ற நகரங்கள் மிகச் சிலவே. அவற்றுள் ஒன்று புரூஜ் என்பது. ஐரோப்பாவின் வடமேற்கில் உள்ள பெல்ஜியம் நாட்டில், மேற்கு பிளாண்டர்ஸ் என்னும் மாநிலத்தின் தலைநகரம் அது. அங்கு வாழும் மக்கள் அதனைப் ‘புருகே’ என்பர். தெருக்களுக்கு இடையிடையே கால்வாய்கள் ஓடுவதால், ‘வடக்கத்திய வெனிஸ்’ என்று அதனைப் புகழ்வாரும் உளர்.

புரூஜ் நகரைக் கண்டு மகிழ விரும்புவோர் வண்டியை நாட வேண்டுவதில்லை. பழைய நகர் முட்டை வடிவினது. அதனைச் சுற்றி அகன்ற கால்வாய் ஒன்று வளைந்து கிடக்கிறது. அவ்வளைவு முழுவதையும் நடந்து வந்தாலும் ஏறத்தாழ 7 கிலோமீட்டர் தொலைவே ஆகும். தெருக்கள் குறுகியவை, கருங்கல் பாவப்பட்டவை. விரைந்து செல்வோர்க்கு அவை ஒன்றையும் கூறா. மெல்ல நடப்போர்க்கோ எண்ணூறு ஆண்டுக் கதையைச் சொல்லும்.

நகரின் தென்மேற்கில் உள்ள இரயில் நிலையத்திலிருந்து வருவோரை முதலில் எதிர்கொள்வது மின்னவாட்டர் என்னும் நீர்நிலை. அதில் வெண்ணிற அன்னங்கள் மிதக்கின்றன. அவற்றைப் பற்றிக் கர்ணபரம்பரைக் கதை ஒன்று உண்டு. 1488ஆம் ஆண்டில் நகர மக்கள் தங்களை ஆண்ட மாக்சிமிலியன் என்பவரைச் சிறைப்படுத்தினர். அவருடைய ஆலோசகராகிய பீட்டர் லாங்கால்ஸ் என்பவரைக் கொன்றனர். லாங்கால்ஸ் என்னும் பெயருக்கு ‘நெடுங்கழுத்து’ என்பது பொருள். விடுதலை பெற்ற மாக்சிமிலியன், “நெடுங்கழுத்துப் பறவைகளை இந்நகரம் என்றென்றும் வளர்க்கக் கடவது” என்று தண்டனை விதித்தாராம். கதை மெய்யோ பொய்யோ, அன்னங்கள் இன்றும் இருக்கின்றன. நகரமும் அவற்றைப் பேணி வருகிறது.

நீர்நிலையின் அருகே சிறு பாலம் ஒன்றைக் கடந்தால் ஆரவாரமற்ற முற்றம் ஒன்று தோன்றும். நெடிய மரங்கள் நிற்க, அவற்றைச் சூழ வெள்ளையடித்த சிறு வீடுகள் அமைந்துள்ளன. இது பதின்மூன்றாம் நூற்றாண்டில் பெகீன் என்னும் பெண்டிர்க்காக ஏற்பட்ட இல்லம். அவர்கள் துறவு வாழ்வை மேற்கொண்டும், துறவியர்போல் வாழ்நாள் முழுமைக்கும் உறுதிமொழி கூறாதவர்கள். தம் கையால் உழைத்து உண்டவர்கள். ஆண் துணையின்றிப் பெண்டிர் தனித்து வாழ்தல் அரிதாயிருந்த அக்காலத்தில், அவர்கட்கு மதிப்பும் காப்பும் அளித்த இடம் இது. 1927ஆம் ஆண்டு முதல் பெனடிக்ட் சபைக் கன்னியர் இங்கு வாழ்கின்றனர். முற்றத்துள் நுழைவோர் தாமாகவே குரலைத் தாழ்த்திக்கொள்கின்றனர்.

அப்பால் செல்லும் தெருக்களில், தாழ்ந்த கூரையுடைய சிறு வீடுகள் வரிசையாக நிற்பதைக் காணலாம். செல்வர்களும் தொழிற் சங்கத்தாரும் முதியோர்க்கும் ஏழைகட்கும் கட்டிக் கொடுத்த அறவீடுகள் இவை. இத்தகைய வீட்டுத் தொகுதிகள் நாற்பதுக்கு மேல் இன்றும் எஞ்சியுள்ளன. அவற்றுள் பலவற்றில் முதியோர் குடியிருக்கின்றனர்.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் தோன்றிய தூய யோவான் மருத்துவமனையும் அண்மையிலேயே உள்ளது. நோயாளர் படுத்திருந்த நெடுங்கூடம் இப்போது காட்சிச்சாலையாக விளங்குகிறது. ஹான்ஸ் மெம்லிங் என்னும் ஓவியர் இம்மருத்துவமனைக்கென்றே தீட்டிய படைப்புக்கள் இன்றும் இங்கேயே இருக்கின்றன. சிறு கோயில் போன்ற வடிவில் செய்து, புனித உர்சுலாவின் கதையை வரைந்த 1489ஆம் ஆண்டுப் பேழை அவற்றுள் புகழ் வாய்ந்தது. நோயுற்றார் உடலுக்கு மருந்தையும் உள்ளத்துக்கு அழகையும் ஒருங்கே அளிக்க முன்னோர் எண்ணினர் போலும்!

மருத்துவமனைக்கு எதிரே 115 மீட்டருக்கு மேல் உயர்ந்த செங்கற் கோபுரத்துடன் அன்னை மரியாள் கோயில் நிற்கிறது. அதனுள் மைக்கலாஞ்சலோ வெண்பளிங்கில் செதுக்கிய தாயும் சேயும் உள்ளனர். புரூஜ் நகரத்துத் துணி வணிகர் குடும்பம் ஒன்று இத்தாலியிலிருந்து அச்சிலையை வாங்கி வந்தது. 1794இல் பிரெஞ்சுக்காரர் அதனைக் கொண்டு சென்றனர். நெப்போலியன் வீழ்ந்தபின் அது திரும்பியது. 1944இல் ஜெர்மானியர் கொண்டுபோய் ஆஸ்திரியாவின் உப்புச் சுரங்கம் ஒன்றில் மறைத்தனர். போர் முடிந்தபின் மீண்டும் திரும்பியது. இருமுறை நாடு கடத்தப்பட்டும் அத்தாயின் முகத்து அமைதி சிறிதும் குன்றவில்லை.

கோயிலைக் கடந்து கால்வாய்க் கரையை அடைந்தால், நகரின் உயிர்நாடி எது என்பது விளங்கும். செங்கல் வீடுகளின் சுவர்கள் நேரே நீரினின்று எழுகின்றன. படிக்கட்டுப் போன்ற முகப்புக்களும் வளைந்த கற்பாலங்களும் அசையாத நீரில் தலைகீழாகத் தெரிகின்றன. இவ்வழகைக் காண்போர், இக்கால்வாய்கள் அழகுக்காக வெட்டப்பட்டவை அல்ல என்பதையும் எண்ண வேண்டும். 1134ஆம் ஆண்டில் கடற்கரையைத் தாக்கிய பெரும்புயல், ஸ்வின் என்னும் ஆழ்ந்த நீர்வழியைத் திறந்துவிட்டது. அதனை நகரத்தார் கால்வாயால் இணைத்துக்கொண்டனர். பெரிய கப்பல்கள் ஸ்வின் கரைத் துறைகளில் நிற்கும். படகுகள் சரக்குகளை ஏற்றிக்கொண்டு நகரின் நடுவுக்கே வரும். புயல் ஈந்த வழியில் பொன் வந்து குவிந்தது.

இங்கிலாந்திலிருந்து ஆட்டு மயிர் வந்தது. அதனைப் பிளாண்டர்ஸ் நெசவாளர் உயர்ந்த துணியாக்கினர். வடகடல் நாடுகளிலிருந்து மென்மயிர்த் தோலும் மெழுகும் வந்தன. வெனிஸ், ஜெனோவா நகரங்களின் கப்பல்கள் கீழ்நாட்டு நறுமணப் பொருள்களைச் சுமந்து வந்தன. அவற்றுள் நம் மலையாளக் கரையில் விளைந்த மிளகும் ஒன்று. வான் டெர் பேர்சே என்னும் குடும்பத்தார் நடத்திய விடுதியின் முன் வணிகர் கூடி விலை பேசுவர். ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் பங்குச் சந்தையைக் குறிக்கும் ‘பூர்ஸ்’ என்னும் சொல், அக்குடும்பத்தின் பெயரிலிருந்து பிறந்ததாகக் கூறுவர்.

நகரின் நடுவே பெரிய சந்தை வெளி. முன்னாளில் இதன் ஒரு பக்கத்தில் நீர்மேல் கட்டிய மண்டபம் ஒன்று இருந்தது; படகுகள் அதன் கூரையின்கீழ் நுழைந்து சரக்கு இறக்கின. 1787ஆம் ஆண்டில் அது இடிக்கப்பட்டது. வெளியின் நடுவே இருவர் சிலையாக நிற்கின்றனர். அவர்கள் அரசரும் அல்லர், படைத்தலைவரும் அல்லர். ஒருவர் பீட்டர் டி கோனிங்க் என்னும் நெசவாளர். மற்றவர் யான் பிரைடல் என்னும் இறைச்சி வணிகர். பிரெஞ்சு ஆட்சியை எதிர்த்து 1302ஆம் ஆண்டில் எழுந்த போராட்டத்தின் தலைவர்களாக அவர்களை மக்கள் போற்றுகின்றனர்.

அச்சிலைகளை நோக்கி ஓங்கி நிற்கிறது 83 மீட்டர் உயரமுள்ள மணிக்கூண்டு. 366 படிகள் ஏறினால் உச்சியை அடையலாம். ஏறும் வழியில், நகரத்தின் உரிமைப் பட்டயங்களைப் பூட்டி வைத்திருந்த அறை உள்ளது. மேலே 47 மணிகள் தொங்குகின்றன. முற்காலத்தில் வேலை தொடங்கவும் நிறுத்தவும், தீயையும் பகையையும் அறிவிக்கவும் மணி முழங்கியது. கோட்டையின் கொடியன்று, மக்களின் மணியே இந்நகரத்தை ஆண்டது எனலாம்.

உச்சியில் நிற்போர் வடக்கே நோக்கினால், கடல் எத்துணைத் தொலைவில் உள்ளது என்பதை உணர்வர். புயல் தந்த வழியை மணல் சிறிது சிறிதாகப் பறித்துக்கொண்டது. பதினைந்தாம் நூற்றாண்டில் ஸ்வின் தூர்ந்து வந்தது. எவ்வளவோ முயன்றும் நகரத்தாரால் மணலை வெல்ல முடியவில்லை. மக்களின் கிளர்ச்சியால் சினங்கொண்ட மாக்சிமிலியன், வெளிநாட்டு வணிகரை ஆண்ட்வெர்ப் நகருக்குப் பெயருமாறு ஆணையிட்டார். இயற்கை ஒருபுறம், அரசியல் மறுபுறமாக நெருக்க, வணிகர் ஒவ்வொருவராக வெளியேறினர். ஆரவாரம் அடங்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெல்ஜியத்தின் வறுமை மிக்க நகரங்களுள் ஒன்றாக அது இருந்தது. வீட்டு வாயில்களில் பெண்டிர் அமர்ந்து, நூல் சுற்றிய சிறு மரக்கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டு, ‘லேஸ்’ என்னும் நுண்ணிய பின்னல் வேலை செய்து, சிறு கூலி பெற்று வாழ்ந்தனர். 1892ஆம் ஆண்டில் ரோடன்பாக் என்னும் எழுத்தாளர் இந்நகரைக் களமாகக் கொண்டு ஒரு நாவல் எழுதினார். அதற்கு ‘இறந்துபோன புரூஜ்’ என்றே பெயரிட்டார்.

ஆனால், இறந்ததாகக் கருதிய அந்நகரமே பிழைத்தது! செல்வம் கொழித்த நகரங்கள் பழைய வீடுகளை இடித்துப் புதியன எழுப்பின. அகன்ற சாலைகள் வெட்டின. புரூஜ் நகரத்தாரிடம் அதற்கெல்லாம் பெரும்பொருள் இல்லை. எனவே, பழையன பெரும்பாலும் நின்றன. 1562ஆம் ஆண்டில் மார்கஸ் ஜெரார்ட்ஸ் என்பவர், பறவை மேலிருந்து நோக்குவதுபோல் நகரம் முழுவதையும் செப்புத் தகடுகளில் செதுக்கி வரைபடம் ஆக்கினார். அப்படத்தில் உள்ள தெருக்களுள் மிகப்பலவற்றை இன்றும் அடையாளம் கண்டு நடக்கலாம்.

எனினும், வறுமை மட்டும் ஒரு நகரத்தைக் காத்துவிடாது. கேட்பாரற்ற வீடு தானே இடிந்து விழும். இதன் அருமையை உணர்ந்து பழுது பார்த்தவர்களும், இடிக்க வந்த கையைத் தடுத்தவர்களும் அந்நகரிலேயே தோன்றினர். 2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் இப்பழைய நகரை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. கிழக்கு மதில்மேட்டில் நடப்போர் அங்கு நான்கு காற்றாலைகளைக் காண்பர். அவற்றுள் 1770இல் எழுந்த ஆலை இன்றும் மாவரைக்கும் திறம் குன்றாமல் நிற்கிறது. காப்பாற்றுதல் என்பது கண்ணாடிப் பெட்டியுள் வைத்தல் அன்று. பயன்பட வைத்தலே என்பதை அது உணர்த்துகிறது.

இன்று புரூஜ் நகருக்கு வேறொரு வெள்ளம் வருகிறது. அது கடல் வெள்ளம் அன்று; காண வருவோர் வெள்ளம். பதினான்காம் நூற்றாண்டில் 40,000 பேருக்கு மேல் வாழ்ந்ததாக மதிப்பிடப்படும் மதில் வட்டத்துள், இன்று ஏறத்தாழ 20,000 பேரே வாழ்கின்றனர்; ஆண்டுதோறும் வருவோரோ பல இலட்சம். காலையில் வந்து மாலையில் திரும்பும் கூட்டத்தால் தெருக்கள் நெரிகின்றன. வீடுகளெல்லாம் விடுதிகளாகிவிட்டால் நகரத்தார் எங்கே வாழ்வர்? சந்தையெல்லாம் நினைவுப் பொருள் விற்கும் கடைகளாகிவிட்டால் ரொட்டி எங்கே வாங்குவர்? இதனை எண்ணியே நகராட்சியார் உள்நகரில் புதிய விடுதிகள் பெருகாதவாறு கட்டுப்பாடுகள் விதித்துள்ளனர். வறுமையைத் தாங்கி நின்ற நகரம், புகழையும் தாங்கி நிற்குமா என்பதே இன்றுள்ள வினா.

அவ்வினாவுக்கு விடை நகரத்தார் கையில் மட்டும் இல்லை. அங்கு நடப்போர் காலடியிலும் உள்ளது. பழைய நகரம் என்பது கல்லும் நீரும் மட்டும் அன்று. சன்னலில் பூந்தொட்டி வைக்கும் முதியவளும், பாலத்தைக் கடந்து பள்ளிக்கு ஓடும் சிறுவனும் சேர்ந்ததே நகரம். பிறர் வாழும் வீட்டுக்குள் நுழையும் விருந்தினர் எவ்வாறு அடக்கத்துடன் நடப்பரோ, அவ்வாறே பழைய நகரங்களுள் நடத்தல் வேண்டும். அங்ஙனம் நடப்போர்க்கே கல் பேசும், நீர் பேசும், கடல் கைவிட்ட பின்னும் கைவிடாத மக்களின் உறுதியும் புலனாகும்.